முக்கோணத்தின் குணம்

(கணித ஆசிரியர் ஒருவரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சார்பில், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பள்ளிப் பாடநூலில் இருக்கும் பாடம் ஒன்றைத்தான் பேச வேண்டும்; முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்க வேண்டும். நல்ல நிபந்தனை. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும் பாடம். முக்கோணங்களைப் பக்கங்களைக் கொண்டு மூன்றாகவும், கோணங்களைக் கொண்டு மூன்றாகவும் வகைப்படுத்துவது.

இந்தப் பாடத்தை நம் வகுப்பறைகளில் ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிறோம். சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். ஆறு பெயர், ஆறு படம், ‘பொருத்துக’ என்று ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் பொருத்தியும் விடுகிறார்கள். ஆனால் ஒரு முக்கோணம் விரிகோண முக்கோணம் என்று தெரிந்துகொண்டதால் என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சொல்ல நாம் அவர்களுக்கு எதுவும் கொடுத்திருப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை இது நம் கணிதக் கல்வியில் இருக்கும் பெரிய குறைகளில் ஒன்று. வகை என்பது பெயர்ப்பலகை அல்ல. இந்த முக்கோணத்தை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்தால் கணக்கு தவறும் என்று அது முன்கூட்டியே சொல்கிறது. அந்தக் குணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கட்டம் போடுவோம். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பக்க வகை மூன்று. மேலே இடமிருந்து வலமாகக் கோண வகை மூன்று. ஒன்பது கட்டங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணம் வரையப் பாருங்கள். இருசமபக்கச் செங்கோண முக்கோணம் வரைய முடியும். வடிவியல் பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களில் ஒன்று அதுவேதான். அசமபக்க விரிகோண முக்கோணம் வரைவது எளிது. இப்படி ஏழு கட்டங்கள் நிரம்பிவிடும். இரண்டு மட்டும் நிரம்பாது: சமபக்கச் செங்கோணம், சமபக்க விரிகோணம். பக்கங்கள் மூன்றும் சமமென்றால் கோணங்கள் மூன்றும் சமம். கூட்டுத்தொகை 180 பாகை என்பதால் ஒவ்வொன்றும் 60. அதை மீற வழியில்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள், நிரம்பிய ஏழு கட்டங்களைவிட இந்தக் காலியான இரண்டின் மேல் அதிக நேரம் செலவிடுங்கள் என்பதுதான். ‘முடியாது’ என்பதைக் காரணத்தோடு சொல்லும் முதல் வாய்ப்பு ஒரு குழந்தைக்கு இங்கேதான் வருகிறது. நூறு முறை வரைந்து பார்த்து வரவில்லை என்பது வேறு; வரவே வராது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்வது வேறு. இந்த இரண்டு காலிக் கட்டங்களுக்கு உரையின் கடைசியில் மறுபடி வருவேன்.

அடுத்து, பக்கமும் கோணமும் தனித்தனி வகைப்பாடுகள் என்ற எண்ணம். பாடநூல் அவற்றை இரண்டு பத்திகளில் பிரித்து வைப்பதால் பிள்ளைகள் அவற்றுக்குள் தொடர்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்று பக்க அளவுகளைச் சொன்னாலே போதும். பாகைமானியைத் தொடாமல் கோண வகையைச் சொல்லிவிடலாம். மிக நீளமான பக்கத்தின் வர்க்கத்தை எடுங்கள். மற்ற இரண்டின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். இரண்டும் சமமென்றால் செங்கோண முக்கோணம், நீண்ட பக்கத்தின் வர்க்கம் பெரிதென்றால் விரிகோணம், சிறிதென்றால் குறுங்கோணம். யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் இதன் எல்லாப் பகுதிகளையும் எழுதிவிட்டார். முதல் புத்தகத்தின் 48-ஆம் தேற்றம் செங்கோணத்துக்கு. இரண்டாம் புத்தகத்தின் 12-உம் 13-உம் விரிகோணத்துக்கும் குறுங்கோணத்துக்கும்.

இதைக் கையால் செய்து பார்க்க இந்த மலையில் கிடைக்கும் மூங்கில் போதும். நான்கு சாண் நீளத்தில் ஒரு குச்சி, ஐந்து சாண் நீளத்தில் ஒரு குச்சி. இரண்டின் ஒரு முனையைச் சேர்த்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், கீல் மாதிரித் திறந்து மூடும்படி. மற்ற இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் மூன்றாவது பக்கம். அது ஒரு சாணுக்கு மேலாகவும் ஒன்பது சாணுக்குக் கீழாகவும்தான் இருக்க முடியும். அந்த எல்லைகளைத் தொட்டால் குச்சிகள் ஒரே கோட்டில் படுத்துவிடும். இப்போது மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள்.

முதலில் கிடைப்பது ஒல்லியான விரிகோண முக்கோணம். பல பிள்ளைகள் இங்கே தவறிவிடுவார்கள். கட்டிய முனையில் கோணம் சின்னதாக இருப்பதால் ‘குறுங்கோணம்’ என்பார்கள்; விரிகோணம் வேறு மூலையில், ஐந்து சாண் குச்சிக்கு எதிரே இருக்கிறது. மூன்றாவது பக்கம் சரியாக மூன்று சாண் ஆகும்போது ஒரு கணம் செங்கோணம் வருகிறது, நமக்குத் தெரிந்த 3, 4, 5. அதைத் தாண்டினால் குறுங்கோணம். நான்கு சாணில் ஒரு முறை இருசமபக்கம், ஐந்து சாணில் இன்னொரு முறை இருசமபக்கம். இன்னும் திறந்தால் ஏறத்தாழ 6.4 சாணில், அதாவது 41-இன் வர்க்கமூலத்தில், மீண்டும் ஒரு செங்கோணம். இந்த முறை கட்டிய முனையிலேயே. அதற்கு மேல் கடைசி வரை விரிகோணம்தான்.

ஒரே இரண்டு குச்சிகள். சமபக்கத்தைத் தவிர எல்லா வகையும் வந்து போய்விட்டன. செங்கோணம் இரண்டு முறை வருகிறது என்பது பெரியவர்களுக்கே வியப்பாக இருக்கும். கீல் 180 பாகை திறக்கிறது என்றால், முக்கோணம் குறுங்கோணமாக இருப்பது அதில் சுமார் 53 பாகை அளவுக்கு மட்டும்; மீதி முழுக்க விரிகோணம். செங்கோணம் என்பது நிலப்பரப்பு அல்ல, இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்கும் எல்லைக்கோடு. இதைப் பார்த்துவிட்ட குழந்தை ஆறு பெயர்களை ஆறு தனிப் பெட்டிகளாக இனி நினைக்காது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலே, தினா வான் ஹீலே இருவரும் 1957-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில் வடிவியல் கற்றலுக்குப் படிநிலைகள் உண்டு என்று காட்டினார்கள். முதல் படியில் குழந்தை வடிவத்தை மொத்தத் தோற்றமாகத்தான் பார்க்கிறது. பண்புகளைப் பார்ப்பது அடுத்த படி. கரும்பலகையில் எப்போதும் அடிப்பக்கத்தைக் கிடையாகவே வரைந்து, செங்கோணத்தை எப்போதும் இடது மூலையிலேயே வைத்தால், சாய்ந்த முக்கோணத்தைக் காட்டியதும் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. அது பிள்ளையின் குற்றமல்ல. நாம் காட்டிய படத்தின் குற்றம்.

சரி, வகை தெரிந்து என்ன பயன்?

கொத்தனார்களிடமிருந்து தொடங்கலாம். கடைக்கால் தோண்டுமுன் நூல் பிடித்து மூலை மட்டம் பார்க்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை சரி. குறுக்களவு 5-ஐத் தாண்டினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது. முன்பு சொன்ன மூன்று தேற்றங்களையும் ஒரு நூலில் சோதித்துவிடுகிறார்கள்.

போதையனார் பெயரில் தமிழில் வழங்கிவரும் விதி ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே காண்பதற்கு: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, சரியான விடை. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, அதுவும் சரி. இதைக் கண்டு பித்தாகோரஸ் தேற்றத்தையே மிஞ்சிய விதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், 8, 15-க்குப் போட்டுப் பார்த்து 17-க்குப் பதில் 17.125 வருவதால் தவறான விதி என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருமே முக்கோணத்தின் வடிவத்தைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

பெரிய பக்கத்தை 1 என்றும் சின்னப் பக்கத்தை அதன் ஒரு பங்கு என்றும் வைத்து, விதியின் விடையும் உண்மையான கர்ணமும் எங்கே ஒன்றுபடும் என்று சமன்பாடு எழுதினால், அது ஓர் இருபடிச் சமன்பாடு. இரண்டே தீர்வுகள்: நான்கில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. அதாவது இந்த விதி துல்லியமாக நிற்பது 3-4-5 வடிவத்திலும் 5-12-13 வடிவத்திலும் மட்டும்தான், உலகத்தில் வேறு எந்தச் செங்கோண முக்கோணத்திலும் இல்லை. அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடாது. தச்சு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அது தாராளம். இருசமபக்கச் செங்கோணத்தில் நூற்றுக்கு மூன்றை நெருங்கும். மிக ஒல்லியான முக்கோணத்தில் விதி முற்றாக விழுந்துவிடுகிறது. 10-க்கு 1 என்ற பக்கங்களுக்கு 9.25 என்கிறது, கர்ணம் பக்கத்தைவிடச் சின்னதாகிவிடுகிறது. விதியை யாத்தவர் யாராக இருந்தாலும், தன் வேலைக்கு வரும் முக்கோணங்களின் குணத்தை அறிந்து அதற்கேற்ற எண்களைத் தேர்ந்திருக்கிறார். அந்தத் திறமைக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை, விதி எந்த வடிவத்துக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது.

இனி நிலம். உங்கள் வீட்டுப் பட்டாவோடு இருக்கும் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். வயலோ தோட்டமோ, அதன் எல்லை எப்படி வளைந்திருந்தாலும் உள்ளே நேர்கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். சங்கிலி கொண்டு செய்யும் கிராம அளவையில் கோணம் அளப்பதில்லை. பக்கங்களை மட்டும் அளக்கிறார்கள். மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான், அசைக்க முடியாது. நான்கு பக்கம் தெரிந்த நாற்கரம் அப்படியல்ல, நசுங்கும். அதனால்தான் ஒரு மூலைவிட்டக் கோடு அவசியமாகிறது.

பரப்பு காண, அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக உயரத்தை அளக்க வேண்டும். எந்தப் பக்கத்தை அடியாக வைப்பது? குறுங்கோண முக்கோணமென்றால் எதை வைத்தாலும் செங்குத்து உள்ளேயே விழும். விரிகோண முக்கோணத்தில் குட்டைப் பக்கம் ஒன்றை அடியாக வைத்தால் செங்குத்து வெளியே, அடுத்தவர் நிலத்தில் போய் விழும். மிக நீளமான பக்கத்தை அடியாக வைத்துவிட்டால் எந்த முக்கோணத்திலும் அது உள்ளேதான் விழும். அனுபவமுள்ள சர்வேயர் நீண்ட கோட்டைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

மலையில் இன்னொரு செங்கோண முக்கோணமும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்கவைத்து அளந்தால் அளப்பது கர்ணம். படத்தில் வர வேண்டியது கிடைத்தூரம். 20 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் கிடையாகக் கடந்தது 94 மீட்டர்தான். அதனால்தான் சங்கிலியைத் துண்டு துண்டாக, படிப்படியாக மட்டமாகப் பிடித்து இறங்க வேண்டும். மிளகும் காப்பியும் அன்னாசியும் விளையும் இந்தச் சரிவுகளில் ஒருவர் கையிலிருக்கும் நிலம் எவ்வளவு என்பது அந்தப் படிகளைப் பொறுத்தது. முக்கோணப் பாடம் இந்த மலைப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாதது என்று யாராவது சொன்னால், அவர்களிடம் பட்டாவைக் காட்டுங்கள்.

இனி, முக்கோணத்தின் குணத்தை நம்பி ஒரு நாடே அளக்கப்பட்ட கதைக்கு வருகிறேன். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நூறடிச் சங்கிலியை வைத்து அதை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. பிறகு அந்த ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு, தூரத்துக் குன்று ஒன்றை இரு முனைகளிலிருந்தும் பார்த்துக் கோணங்களை மட்டும் அளந்தார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தார். பிறகு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரியிலிருந்து வடக்கே போகும் ‘பெரிய வில்’ என்ற முக்கோணத் தொடர் உருவாயிற்று. அந்தத் தீர்க்கரேகை நாமக்கல்லுக்குச் சற்று மேற்கேதான் செல்கிறது. லாம்டன் 1823-இல் மத்திய இந்தியாவின் ஹிங்கன்காட்டில் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதைத் தொடர்ந்தார். இமயமலை அடிவாரம் வரையிலான வேலை 1841-இல் முடிந்தது.

இதில் பெரிய ஆபத்து, பிழை சங்கிலித் தொடராகப் பெருகுவது. முதல் முக்கோணத்தில் விழுந்த பிழை இரண்டாவதுக்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதுக்கு. அதனால் அளவையாளர்களுக்கென்று ஒரு வகைப்பாடு உண்டு. பள்ளி வகைப்பாட்டைவிட அது கடுமையானது. 30 பாகைக்குக் குறைந்த கோணமோ 120-க்கு மேற்பட்ட கோணமோ இருக்கக் கூடாது என்பது விதி. மிகச் சிறந்த வடிவம் எது என்று கணக்கிட்டால், அடிக்கோணங்கள் 56 பாகை 14 நிமிடமாக உள்ள இருசமபக்க முக்கோணம் என்று வருகிறது. நடைமுறையில் சமபக்கத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று வைத்துக்கொள்வார்கள்.

விரிகோணம் ஏன் ஆகாது? விரிகோணத்தின் மேல் குற்றமில்லை. 150 பாகையை ஒரு மூலையே எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் சேர்த்து 30 பாகைதான் மிஞ்சும். அந்தக் குறுகிய கோணங்கள்தான் பிழையைப் பெருக்குகின்றன. கோணம் சிறிதாக இருக்கும்போது அதில் ஏற்படும் கடுகளவு மாற்றமும் எதிர்ப்பக்கத்தின் நீளத்தைப் பெரிதாக அசைத்துவிடும்.

நம் மலையை வைத்தே பார்ப்போம். செம்மேடு, ஏற்காடு, திருச்சி மலைக்கோட்டை மூன்றையும் வரைபடத்தில் குறித்து நேர்கோட்டுத் தூரத்தை அளந்தால், செம்மேட்டிலிருந்து ஏற்காடு சுமார் 60 கிலோமீட்டர், மலைக்கோட்டை சுமார் 61. ஏற்காட்டிலிருந்து மலைக்கோட்டை சுமார் 118. ஏறத்தாழ இருசமபக்கம், பார்க்கச் சமச்சீரான படம். ஆனால் செம்மேட்டில் கோணம் 154 பாகை. மற்ற இரண்டும் 13 பாகையை ஒட்டி. ஏற்காட்டுக் கோணத்தில் ஒரு விநாடி, அதாவது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு, பிழையாக விழுந்தால் செம்மேடு–மலைக்கோட்டைத் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் தவறும். அதே 60 கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில் அதே பிழை விளைவிப்பது சுமார் 17 சென்டிமீட்டர். கருவி அதே, கண் அதே. முக்கோணத்தின் குணம் மட்டும்தான் வேறு.

இப்போது மலைக்கோட்டையை விட்டுவிட்டு, கல்வராயன் மலையில் கருமந்துறையை எடுங்கள். செம்மேடு–ஏற்காடு 60, ஏற்காடு–கருமந்துறை சுமார் 45, கருமந்துறை–செம்மேடு சுமார் 70. எழுபதின் வர்க்கம் 4900. மற்ற இரண்டின் வர்க்கங்கள் சேர்ந்து 5625. ஆகவே குறுங்கோண முக்கோணம். கோணங்கள் ஏறத்தாழ 82, 58, 40. மூன்றும் அசமம், ஆனால் அளவைக்கு அருமையான முக்கோணம். உண்மையான அளவைக்கு ஊர்களை அல்ல, ஒன்றையொன்று பார்க்கும் உச்சிகளைத்தான் எடுப்பார்கள். வரைபடக் கணக்குக்கு ஊர்ப் பெயர் போதும். பள்ளியில் தொங்கும் மாநில வரைபடமும் ஓர் அடிக்கோலும் இருந்தால் மாணவர்கள் இந்த இரண்டு கணக்கையும் அவர்களே செய்து, நான் சொன்ன எண்களைத் திருத்தலாம்.

நல்ல முக்கோணம் வேண்டுமென்றால் நல்ல இடத்தில் உயரம் வேண்டும். மலைகள் நிறைந்த சேலம், நாமக்கல் பகுதியில் அதற்குக் குறைவில்லை. காவிரிச் சமவெளியில் குன்று ஏது? அங்கே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையும் மூன்றடி விட்டமுள்ள வட்டமும் கொண்ட கோணமானியை விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு நழுவிக் கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைக் கைவிடவில்லை. பல வாரம் உட்கார்ந்து வட்டத்தின் நெளிவை எடுத்து மீண்டும் அளக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவியைச் சுமந்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் நடந்தவர்கள், உச்சியில் இரவெல்லாம் விளக்குப் பிடித்து நின்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் கணக்கேடுகளில் இல்லை. பார்த்த முக்கோணம் ஒவ்வொன்றிலும் அவர்கள் ஒரு மூலையில் நின்றிருக்கிறார்கள். இந்த மேடையில் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று கைப்பேசி செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் சொல்கிறது. கோணத்துக்குப் பதில் தூரம் அளக்கிறது. அங்கும் செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒரே பக்கமாக நெருங்கியிருந்தால் இடம் பிசகும், பரந்திருந்தால் துல்லியம். ஆழமான பள்ளத்தாக்கில் நின்று பார்க்கும்போது இது தெரியும்.

இப்போது அந்தக் காலிக் கட்டங்கள் இரண்டுக்கு வருகிறேன். செம்மேடு–ஏற்காடு–கருமந்துறை முக்கோணத்தின் கோணங்களை மிகத் துல்லியமான கருவியால் அளந்து கூட்டினால் 180 பாகை வராது. சுமார் 7 விநாடி அதிகம் வரும். கருவியின் பிழையல்ல, பூமி உருண்டை. ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில், பரப்புக்கு ஏற்ப இந்த மிகுதி கூடும். நம் முக்கோணத்தின் பரப்பு சுமார் 1340 சதுர கிலோமீட்டர், வகுத்துப் பாருங்கள். லாம்டனின் கணக்காளர்கள் ஒவ்வொரு பெரிய முக்கோணத்துக்கும் இந்தத் திருத்தத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

முக்கோணத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவோம். வடதுருவம் ஒரு மூலை. நிலநடுக்கோட்டின் மேல் ஒன்றுக்கொன்று 90 பாகைத் தீர்க்கரேகை இடைவெளியில் இரண்டு மூலைகள். மூன்று பக்கமும் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர், மூன்று கோணமும் 90 பாகை. சமபக்கச் செங்கோண முக்கோணம்! மூலைகள் மூன்றையும் ஒரே அளவில் இன்னும் விலக்கினால் சமபக்க விரிகோண முக்கோணம். தாளில் காலியாக நின்ற இரண்டு கட்டங்களும் நாம் நிற்கும் பூமியின் மேல் நிரம்பிவிட்டன. ‘முடியாது’ என்று நாம் நிறுவியது பொய்யாகிவிடவில்லை; தட்டையான தாளில் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். நிபந்தனையைக் கண்டுபிடிப்பதும் நிறுவலின் ஒரு பகுதி என்று மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

அதோடு நம் அட்டவணையும் போதாமல் போகிறது. தாளில் ஒரு முக்கோணத்துக்கு ஒரு செங்கோணம்தான் அல்லது ஒரு விரிகோணம்தான். கோளத்தின் மேல் இரண்டு செங்கோணம் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். ஒரு குறுங்கோணம், ஒரு செங்கோணம், ஒரு விரிகோணம் மூன்றும் ஒரே முக்கோணத்தில் கூடலாம். எண்ணிப் பார்த்தால் கோண வகைகள் மூன்றல்ல, பத்து. பக்க வகைகள் அதே மூன்று. ஆகக் கட்டங்கள் 30. சம பக்கங்களுக்கு எதிரே சம கோணங்கள் என்ற விதி கோளத்தின் மேலும் அப்படியே நிற்கிறது. கோணங்களின் கூட்டுத்தொகை 180-ஐவிட அதிகமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்தால், என் கணக்கில் 18 கட்டங்கள் நிரம்புகின்றன, 12 காலியாக நிற்கின்றன. எந்தப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் ஏன் காலி என்று மேல்நிலை வகுப்பு மாணவர்கள் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பந்தும் மூன்று ரப்பர் பட்டைகளும் இருந்தால் தொடங்கிவிடலாம். எழுதியதை அவரவர் கணித ஆசிரியரிடம் கொடுங்கள். எனக்கு அனுப்பிவைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.